முட்டை நண்டும் வெறும் நண்டும்

அவர் இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் படம் வரைவார். என் பொறாமை எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால், அங்கேதான்.

ஜொகூர் பாருவில் எங்கள் கல்லூரி மிகச் சிறியது. அதன் உயிரியல் துறை அதைவிடச் சிறியது. பல வருடங்கள் நான் ஒருவனேதான் துறை. தவளை பிடிக்கிறவனும் நான், அதை அறுக்கிறவனும் நான், அறுத்ததை மாமரத்தடியில் புதைக்கிறவனும் நான். துறைக் கூட்டங்களில் கருத்து வேறுபாடே வந்ததில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் மாணவர்கள் கொஞ்சம் கூடியதும், பிரின்சிபால் துரைக்கு என்மேல் இரக்கம் வந்து, எனக்கு ஒத்தாசையாக இன்னொருவரை நியமித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் படித்தவர். என்னைவிட இளையவர், தலைமுடி முழுசாக இருந்தது. இந்த இரண்டையும்கூட மன்னித்திருப்பேன்.

முதல் வகுப்பு கரப்பான்பூச்சி. நான் வாசலுக்கு வெளியே, எதையோ தேடுகிற பாவனையில் நின்றுகொண்டிருந்தேன். மனிதர் கைக்கு ஒன்றாக இரண்டு சாக்குக்கட்டி எடுத்தார். தலையில் தொடங்கினார். இடது கை இடது பக்கமாகவும் வலது கை வலது பக்கமாகவும் வளைந்து இறங்கின. வால் நுனியில் இரண்டும் வந்து முட்டியபோது பலகையில் ஒரு கரப்பான் உட்கார்ந்திருந்தது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இம்மி பிசகாமல். பையன்கள் கைதட்டினார்கள். என் வகுப்பில் அவர்கள் முகம் மலர்வது மணி அடிக்கும்போது மட்டும்தான்.

வீட்டுக்குப் போனதும் சமையலறைக் கதவில் கரித்துண்டால் பழகிப் பார்த்தேன். என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, கதவுல இது என்ன, பலாப்பழமா?"

"கரப்பான்பூச்சி."

"ஒரு பக்கம் வீங்கிக் கெடக்கே. அடி பட்டுச்சா?"

"இடது கை இன்னும் பழகல."

"வலது கை பழகுன மாதிரியும் தெரியலயே," என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியால் கரப்பானைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சரி, படம் போகட்டும். அவருக்குப் படம் இருந்தால் எனக்கு ஆராய்ச்சி இருந்தது. பெரிய சொல்தான். ஆனால் என் மேசைக்குப் பின்னால் ஓர் அலமாரி, அதில் வரிசையாக ஸ்பிரிட் நிரப்பிய கண்ணாடிப் புட்டிகள், ஒவ்வொன்றிலும் நண்டு.

கூலாய் பக்கம், புலாய் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அந்தத் தோட்டத்தின் குறுக்கே ஓர் ஓடை. ஓடையில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்ன நண்டு. முதுகு பழுப்பு, கொடுக்கின் நுனியில் மட்டும் கத்தரிப்பூ நிறம். நான் புரட்டிப் பார்த்த எந்தப் புத்தகத்திலும் அந்த நண்டு இல்லை. அதாவது இதுவரை யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாத ஓர் உயிரைக் கண்டுவிட்ட உயிரியல் வாத்தியாருக்கு என்ன நோய் பிடிக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நண்டின் லத்தீன் பெயரில் என் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். நான் போன பிறகும், பிள்ளைகள் போன பிறகும், உலகத்தில் எங்கோ ஒருவன் நண்டைப் பார்த்து என் பெயரைச் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். குறைவாகவே ஆசைப்பட்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு சிக்கல் இருந்தது. சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார நிபுணர் இருந்தார், நண்டு என்றால் சோற்றையே மறந்துவிடுகிறவர். என் புட்டிகளைத் துணிப்பையில் சுற்றி, மடியில் குழந்தையைப்போல வைத்துக்கொண்டு, கடற்பாலம் தாண்டிப் போய் அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து வயிற்றைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எல்லாம் பெண். ஆண் எங்கே?"

நண்டு உலகத்தில் அதுதான் வழக்கம். ஆண் நண்டின் வயிற்று மடிப்பைத் தூக்கினால் அடியில் குச்சிபோல இரண்டு உறுப்புகள் இருக்கும். அவற்றின் நுனி எப்படி வளைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் இது புதிய இனமா, பழையதா என்று தீர்ப்புச் சொல்வார்கள். பெண்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. ஆண் இல்லாமல் பெயர் இல்லை. "ஆணைக் கொண்டு வாரும், பேசலாம்," என்று நிபுணர் புட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் மறுபடியும் மறுபடியும் தோட்டத்துக்குப் போனேன். 'போனேன்' என்றால் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு வராந்தாவரை போனேன். ஓடையில் அட்டை. அட்டையைப் பற்றி மணிக்கணக்காகப் பாடம் நடத்துவேன், அதன் வாயமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், ஒரு கையால்தான் என்றாலும். ஆனால் என் காலில் ஒன்று ஏறிவிட்டால் நான் போடும் சத்தத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து நாய்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகவே ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிற ஓர் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பால் டின் நிறைய நண்டு தயாராக இருக்கும். எல்லாம் பெண். அடுத்த முறையும் பெண். அதற்கடுத்த முறையும் பெண்.

வேறு ஆளாக இருந்தால் தானே ஓடையில் இறங்கிப் பார்த்திருப்பான். நான் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கோட்பாடு கண்டுபிடித்தேன். இந்த இனத்தில் ஆண் மிகமிக அரிது. ஒருவேளை மண்ணுக்கடியில் ஆழத்தில் வாழ்கிறதோ என்னவோ. கோட்பாடு எனக்குப் பிடித்துப் போயிற்று. வகுப்பில் சொன்னேன். பையன்கள் பரீட்சையில் எழுதினார்கள், நான் முழு மதிப்பெண் போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை யாழ்ப்பாணத்தார் ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு பால் டின்னுடன் நுழைந்தார். டின்னுக்குள் சரசரவென்று சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"மாஸ்டர், இதைப் பாருங்கோ. கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனனான். வடிவான நண்டுகள்."

எட்டிப் பார்த்தேன். பழுப்பு முதுகு. கத்தரிப்பூக் கொடுக்கு. அவர் ஒன்றைப் பிடித்துக் கவிழ்த்தார். வயிற்று மடிப்பு ஒடுங்கி, ஊசிமுனைபோல இருந்தது. ஆண். அடுத்ததைக் கவிழ்த்தார். ஆண். அதற்கு அடுத்தது. அந்த டின் முழுக்க ஆண்கள், ஒருவன்மேல் ஒருவன் ஏறிக்கொண்டு, சந்தைக்கு வந்த மாதிரி.

"எப்பிடி மாஸ்டர்? ஏன் இப்பிடிப் பாக்கிறியள்?"

"ஒன்னுமில்ல. நல்லா இருக்கு," என்றேன். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அது நாற்காலி இல்லை, தவளை ஊற வைத்திருந்த தொட்டியின் விளிம்பு. எழுந்துகொண்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவர் சிங்கப்பூருக்குப் போவார். நிபுணர் குச்சிகளைப் பார்ப்பார். புதிய இனம் என்பார். பெயர் வந்துவிடும். யார் பெயர்? பிரின்சிபால் துரை பெயரை வைத்துத் துரையைக் கைக்குள் போட்டுக்கொள்வாரோ? கொழும்பில் யாராவது குரு இருந்து அவர் பெயரை வைப்பாரோ? என் அலமாரியில் இருக்கிற இத்தனை பெண்களும் என்ன ஆவார்கள்?

"நண்டுக்குப் போயி இப்பிடியா?" என்றாள் மனைவி. "வேணும்னா இன்னொரு நண்டு பாத்துக்கங்க. ஆத்துல நண்டுக்கா பஞ்சம்?"

"ஒனக்குப் புரியாது. அவன் கையில மாப்பிள்ளைங்க இருக்காங்க. எங்கிட்ட இருக்கறதெல்லாம் பொண்ணு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப சம்பந்தம் பேச வேண்டியதுதானே? பொண்ணு வீட்டுக்காரங்கதான் மொதல்ல போவணும். போங்க, போயிப் பேசுங்க. கௌரவம் பாத்தா பொண்ணுங்க ஸ்பிரிட்லயே கெழவியாயிரும்."

நான் பேசப் போகவில்லை. வேவு பார்க்கப் போனேன். அடுத்த ஞாயிறு அவர் எங்கே போகிறார், எந்த ஓடை, எந்தக் கல், ஆண்களை எந்த மந்திரத்தால் வரவழைக்கிறார் என்று பார்த்துவிடுவது என் திட்டம். ஏழெட்டுப் பேர் ஏறினாலே மூச்சு முட்டும் அந்தக் காலத்துக் குட்டி பஸ்ஸை ஊரில் கொசு பஸ் என்பார்கள். முகத்தைச் செய்தித்தாளால் மறைத்துக்கொண்டு அதில் ஏறினேன். என் முழங்கால் ஒருவருடைய முழங்காலில் இடித்தது. செய்தித்தாளை இறக்கினால் எதிரே அவர்.

"அட, மாஸ்டர்! நீங்களும் கூலாய்க்கோ? நல்லதாப் போச்சு. சேர்ந்தே போவம்."

வழி நெடுக அவர் கடலை வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். நல்ல கடலை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

தோட்டத்தில் இறங்கி, ரப்பர் மர நிழலில் அவர் பின்னால் நடந்தேன். ரகசிய இடத்துக்குப் போகப்போகிறார் என்று ஒவ்வொரு திருப்பத்தையும் மனதில் குறித்துக்கொண்டேன். அவர் நேராக, எனக்குத் தெரிந்த லயத்துக்கு, எனக்குத் தெரிந்த வாசலுக்குப் போய் நின்றார். என் நண்டு அம்மா, கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். உள்ளே போய் இரண்டு பால் டின்களை எடுத்து வந்தாள். ஒன்றை எனக்கு நீட்டினாள். மற்றதை அவருக்கு.

இருவரும் அங்கேயே மூடியைத் திறந்தோம். என் டின்னில் எல்லாம் பெண். அவர் டின்னில் எல்லாம் ஆண்.

ஒரே ஓடை. ஒரே கை. இரண்டு டின்.

"ஏம்மா," என்றேன், "எனக்கு ஏன் எப்பவும் இது மட்டும் குடுக்கற?"

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏங்கய்யா, நல்லால்லியா? எல்லாம் வயிறு அகலமா, முட்டையும் குஞ்சுமா பாத்துப் பாத்துப் பொறுக்கி வச்சேனே."

"அவருக்கு?"

"அவருக்கு வெறும் நண்டு. புது ஆளு, போனாப் போவுதுன்னு மிச்சத்தக் குடுத்தேன்." பிறகு அவர் காதில் விழக் கூடாதென்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள், ஆனால் லயம் முழுக்கக் கேட்டது. "எத்தன வருசமா வர்றீங்க! வாத்தியாரய்யாவுக்குப் போயி முட்டையில்லாத நண்டக் குடுப்பமா? ரசம் வச்சா அதுலதானே ருசி? வீட்டுல அம்மாவுக்கு எப்பவும் சளியா, பாவம்?"

யாழ்ப்பாணத்தார் சட்டென்று திரும்பி ஒரு ரப்பர் மரத்தை மிகுந்த கவனத்தோடு பார்க்கத் தொடங்கினார். அவருடைய தோள்கள் குலுங்கின.

அத்தனை வருட ஆராய்ச்சி. ஆண் அரிது என்ற கோட்பாடு. மண்ணுக்கடியில் ஆழத்தில் வாழ்கிற ஆண்கள். ஆண்கள் எல்லாம் என் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், லயத்து அடுப்புகளில் கொதித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நண்டு எதற்கு என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. தோட்டத்தில் ஆட்கள் ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால் எப்படிச் செய்வார்களோ அப்படித்தான் செய்திருக்கிறாள்: இருப்பதில் நல்லது எதுவோ அதை.

திரும்பி நடக்கும்போது அவர் கேட்டார். "மாஸ்டர், குறை நினைக்காதையுங்கோ. அப்ப உங்கட ஆராய்ச்சி முழுக்க மரியாதையால வந்ததோ?"

"சிரிக்கணும்னா சத்தமாவே சிரிச்சிருங்க."

அவர் சிரித்தார். வழியில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பாதி சிரிப்பு, பாதி அழுகை. ஆனால் அவருடைய டின்னின்மேல் இருந்த கண்ணை நான் எடுக்கவில்லை.

கூலாயில் ஒரு பாய் கடை. இரண்டு கோப்பி சொல்லிவிட்டு, டின்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கடைக்கார பாய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பொரிக்கணுமா வாத்தியாரே?" என்றார். இருவரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றோம்.

அவர்தான் முதலில் பேசினார். அதுவும் என்னைக் குத்தியது. பெண் வீட்டார் நான் அல்லவா?

"ஆண் என்னட்டை இருக்கு. பெண் உங்களிட்டை, அதுவும் இத்தனை வருசத்துப் பெண். எங்கள் ரெண்டு பேரில ஒருத்தர் கட்டுரை எழுதுவம். வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். எழுதுகிறவன் தன் பெயரைத் தானே நண்டுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் கல்யாணப் பந்தலில் தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். உன் பெயர் வேண்டுமென்றால் இன்னொருவன் வைக்க வேண்டும். எனக்கு அதுவரை உறைக்காதது ஒன்று அந்த மேசையில்தான் உறைத்தது. என் பெயரை வைக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எதிரே உட்கார்ந்து கோப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டில் நீங்கள் எழுதுங்கோ, என்ர பேரை வையுங்கோ. இல்லாட்டி நான் எழுதுறன், உங்கட பேரை வைக்கிறன். எனக்கு ரெண்டும் ஒண்டுதான் மாஸ்டர்."

ரெண்டும் ஒண்டாம்! எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார். பொறாமை இல்லாத மனிதர்மேல் பொறாமைப்படுவதுபோல அலுப்பான வேலை வேறில்லை.

நான் யோசித்தேன். நான் எழுதினால், கட்டுரை ஆசிரியன் நான். லத்தீன் பெயருக்குப் பின்னால் எழுதியவன் பெயரையும் போடுவார்கள், அதனால் நானும் இருப்பேன். ஆனால் முன்னால் அவர் இருப்பார். வருடா வருடம் வகுப்பில் அந்த நண்டைக் கையில் பிடித்து, என் வாயால், அவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் எழுதினாலோ, அவர் வாயால் என் பெயர். எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

"நீங்க எழுதுங்க," என்றேன். பெருந்தன்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, "நீங்க சின்ன வயசு, உங்களுக்குத்தான் முன்னேற்றம் வேணும்," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"பெரிய மனசு மாஸ்டர் உங்களுக்கு," என்றார் அவர். முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கோப்பிக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

என் பெண்கள் எல்லோரும் புட்டியோடு அவர் மேசைக்குக் குடிபோனார்கள். அவர் எழுதினார். படம் வரைந்தார். எந்தக் கையால் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. நிபுணர் குச்சிகளைப் பார்த்து, புதிய இனம்தான் என்று சொல்லிவிட்டார். கட்டுரை அச்சேறி வருவதற்குள் எனக்கு இன்னும் பலவித நடுக்கங்கள் வந்து போயின: கடைசி நிமிடத்தில் பெயரை மாற்றிவிடுவார், அச்சுக்கோப்பவன் எழுத்தை விட்டுவிடுவான், எங்கோ ஜாவாவில் ஒருவன் முந்திக்கொள்வான். ஒன்றும் நடக்கவில்லை. வந்தது. என் பெயர் லத்தீன் வாலோடு சாய்ந்த எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அன்று எத்தனை பேரிடம் காட்டினேன் என்பதைச் சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். தபால்காரரிடமும் காட்டினேன்.

மறுநாள்தான் முழுவதும் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். கட்டுரையில் பெரும்பகுதி ஆண் நண்டைப் பற்றி. படங்கள் எல்லாம் ஆண். புதிய இனம் ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது, 'இந்தப் பெயர் இந்த நண்டுக்கு' என்று ஒரே ஒரு உடலைத் தேர்ந்து பத்திரப்படுத்துவார்கள். பிற்காலத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த உடலைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த உடல் அவருடைய டின்னில் வந்த ஆண். என் பெண்களுக்கு, கடைசியில், நாலைந்து வரி. 'பெண்களும் ஏறக்குறைய இப்படியே' என்ற அர்த்தத்தில்.

மனைவியைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனேன். நிபுணர் அலமாரியைத் திறந்து காட்டினார். முன்வரிசையில் தனிப் புட்டி, சிவப்புக் கரை போட்ட சீட்டு. சீட்டில் என் பெயர்.

அவள் குனிந்து, மூக்கு புட்டியில் படும்படி பார்த்தாள். "இதா நீங்க?"

"பேரு நான்."

"நண்டு?"

"நண்டு அவரோடது."

"அப்ப ஒங்களுது?"

பின்வரிசையைக் காட்டினேன். அங்கே ஒரே புட்டியில் நெருக்கிக்கொண்டு, முட்டையும் குஞ்சுமாக, என் இத்தனை வருடம். அவள் அதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சிரிப்பா இரக்கமா என்று தெரியவில்லை. அவளிடம் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"கேளுங்களேன்," என்றாள், "நம்ம பொண்ணுல ஒன்ன முன்னாடி வைப்பாரான்னு."

கேட்டேன். கேட்கக் கூடாதென்று தெரிந்தே கேட்டேன், என்னைவிட அவள் ஆசைப்படுகிற மாதிரி ஒரு பாவனையோடு. நிபுணர் பொறுமையாகத் தலையை ஆட்டினார். பெயர் எந்த நண்டின்மேல் இருக்கிறதோ அந்த நண்டுக்குத்தான் முன்வரிசை, அதுதான் வழக்கம் என்றார்.

"பெயர் என்னுடையதுதான், ஐயா," என்றேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஆமாம். வாழ்த்துகள்," என்றார்.